மூன்றாவது பாட்டில் அப்பா

மார்ச் 3

அக்கா,

போன் பண்ணாதே என்றுதான் நீ சொன்னாய். கடிதம் எழுதாதே என்று சொல்லவில்லை. அந்த ஓட்டை வழியாக உள்ளே வருகிறேன். கோபம் வந்தால் கடிதத்தைக் கிழித்துப் போடு. கூட இருக்கும் சிடியை மட்டும் வைத்துக்கொள்.

என் முதல் ஆல்பம். ஒன்பது பாட்டு. எழுதியது, மெட்டுப் போட்டது, பாடியது, கிட்டார் வாசித்தது எல்லாம் நான். பெயர் 'ஒன்றிலிருந்து இரண்டு வரை'. ஏன் அந்தப் பெயர் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழ்த்தளத்துப் பட்டறையில் இரும்பு அறுக்கிற மெஷின் மதியம் ஒரு மணிக்கு நிற்கும், இரண்டு மணிக்கு மறுபடி ஓடும். அவர்கள் சாப்பிடுகிற அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு ஸ்டூடியோ. மொட்டைமாடி அறைக் கதவுக்கு மெத்தையை முட்டுக் கொடுத்து, ஜன்னலில் உன் பழைய கம்பளியைத் தொங்கவிட்டு, பதினோரு மாதம் பாடினேன். ஒன்று ஐம்பத்தைந்துக்கு ஒரு வரி பிசகினால் அன்றைய நாளே போச்சு.

ஏப்ரல் 4 வெளியீடு. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதே. முதலாளி, அவர் மனைவி, ஒரு பூனை. பூனைக்குத்தான் என் பாட்டு பிடிக்கவில்லை.

எல்லாப் பாட்டையும் கேட்க நேரமில்லை என்றால் மூன்றாவதை மட்டும் கேள். 'படியில் நிற்காதே'. அப்பா கண்டக்டராக இருந்தபோது பஸ்ஸில் தொண்டை கிழியக் கத்துவாரே, "படியில நிக்காதீங்க, உள்ள வாங்க, உள்ள வாங்க, இடம் இருக்கு" என்று, அதிலிருந்து பிறந்த பாட்டு. அதில் இரண்டு நிமிடம் பத்தாவது நொடியில் அப்பா இருக்கிறார். கட்டிலோரமாக என் மாடி அறைக்கு ஏறுகிற தண்ணீர்க் குழாயை அவர் கம்பால் தட்டுகிற சத்தம். பஸ் தகரத்தைத் தட்டுகிற அதே கணக்குதான்: ஒன்று தட்டினால் நில், இரண்டு தட்டினால் ரைட், போகலாம். தொண்டை ஆபரேஷனில் குரல் போன பிறகு நம் வீட்டிலும் அதுதானே சட்டம். ஒன்று என்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வா. இரண்டு என்றால் ஒன்றுமில்லை, நீ பாட்டுக்கு உன் வேலையைப் பார்.

கேள் அக்கா. இரண்டு தட்டு. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் சொன்னதும் அதுதான், நீ நம்பவில்லை. எட்டு மாதமாக நம்பவில்லை. இப்போது உன் காதாலேயே கேட்டுக்கொள்.

அப்பா எப்படி இருக்கிறார்? வாதம் அடித்த வலது கை ஏதாவது அசைகிறதா?

வாலு

---

மார்ச் 8

உன் கவர் வந்தது.

அப்பா நன்றாக இருக்கிறார் என்று எழுதினால் உனக்கு நிம்மதியாக இருக்கும், அதனால் எழுதமாட்டேன். வலது பக்கம் அப்படியேதான். இடது கையால் டம்ளர் பிடிக்கிறார், பாதி சட்டையில் ஊற்றுகிறார். சொன்னது எல்லாம் புரிகிறது. பதில்தான் இல்லை. காலையில் நான் துடைத்துச் சட்டை மாற்றிவிட்டு, கஞ்சி கொடுத்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக் கடைக்கு ஓடுகிறேன். மதியம் உன் மாமா வந்து பார்த்துக்கொள்கிறார். சொந்த மாமனாரைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைக்கிற மனுஷன், அவருக்கே இடுப்பு வலி.

அப்பாவை இங்கே கொண்டுவந்தபோது குழாய் தட்டுகிற கம்பும் கூடவே வந்தது. அலமாரிக்கு மேலே போட்டுவிட்டேன். இங்கே தட்டவேண்டிய அவசியம் இல்லை. கூப்பிடாமலே வருகிற ஆள் இருக்கிறாள்.

பாட்டெல்லாம் கேட்கிற நிலைமையில் நான் இல்லை. உன் ஆல்பம் நன்றாக ஓடட்டும்.

அக்கா

---

மார்ச் 12

அக்கா,

"கூப்பிடாமலே வருகிற ஆள்." நன்றாகக் குத்தினாய். வாங்கிக்கொண்டேன்.

நான் உன்னிடம் பாராட்டுக் கேட்கவில்லை. பாட்டு நன்றாக இருக்கிறது என்று நீ சொல்லவேண்டாம். மூன்றாவது பாட்டில் அந்த ஒரு இடம், பத்து நொடி. உன் கடையில் கம்ப்யூட்டர் இருக்கிறதே, கண் பார்க்கிற அந்த இருட்டு அறையில் வைத்துக் கேள். அதற்குப் பிறகும் உனக்கு என்மேல் கோபம் இருந்தால் அது உன் இஷ்டம்.

இங்கே வீடு எப்படியோ இருக்கிறது. அப்பா கட்டிலைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போகவேண்டும், இன்னும் சுற்றிப் போகிறேன், யாரோ படுத்திருக்கிற மாதிரி. பட்டறைக்காரர் போன வாரம் படியில் நிறுத்தி, "என்னம்மா, அப்பா எப்ப வர்றார்?" என்றார். எனக்கு வாயில் வந்தது, "அக்கா விட்டா வருவார்." பழியை உன்மேல் போட்டுவிட்டு மாடிக்கு ஏறிவிட்டேன். அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்.

ஒரே ஒரு தடவை கேள்.

வாலு

---

மார்ச் 17

வாலு,

கேட்டேன்.

சனிக்கிழமை மதியம் கடையில் கூட்டம் இல்லை. கண் பார்க்கிற அறையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். எழுத்துப் பலகை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. உன் குரல் வந்தது. அடிப்பாவி, நீ இவ்வளவு நன்றாகப் பாடுவாய் என்று எனக்குத் தெரியவே தெரியாது. குளியலறையில் கத்துகிறவள் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அப்புறம் அந்த இடம் வந்தது. டொக், டொக். இரண்டு. சந்தேகமே இல்லை.

அதற்குப் பிறகு பாட்டு என் காதில் ஏறவில்லை. வெளியே ஒரு அம்மா கண்ணாடி வாங்க வந்து நின்றிருக்கிறார், நான் மூக்கைச் சிந்திக்கொண்டே வெளியே வந்தேன். "உங்க கண்ணுக்கு முதல்ல மருந்து போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வராந்தாவில் உன்னை நான் என்னவெல்லாம் சொன்னேன்! நர்ஸ்கள் பார்க்க, அத்தனை பேர் பார்க்க, "பாட்டைக் கட்டிக்கிட்டு அழு, அப்பன் செத்தா அதையும் ஒரு பாட்டா எழுதிக்கோ" என்றேன். "விழப்போற மனுஷன் ரெண்டு தட்டுவாரா?" என்று கேட்டேன். பொய் சொல்லிவிட்டு நிற்கிறாள் என்று நினைத்தேன். எந்தப் பாவமும் அறியாதவளை நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. தட்டும்போது அப்பாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உன் பாட்டு பிடித்துப்போய் ரைட் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம்தான் விழுந்திருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இங்கே வந்த புதிதில் அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். யாரைத் தேடுகிறார் என்று தெரியும். "அவ வரமாட்டாப்பா, அவளுக்குப் பாட்டுதான் முக்கியம்" என்று சொன்னேன். ஒரு தடவை அல்ல. தினமும் சொன்னேன். கொஞ்ச நாளில் அவர் வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டார். நீ அப்பா பிறந்தநாளுக்கு அனுப்பிய பார்சலைத் திருப்பி அனுப்பியதும் நான்தான், தபால்காரர் இல்லை.

நான் செய்ததற்கு ஏதாவது பரிகாரம் செய்யவேண்டும். பக்கத்து வீட்டில் சிடி போடுகிற பழைய பெட்டி ஒன்று இருக்கிறது, வருகிற ஞாயிறு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அப்பாவுக்குப் போட்டுக் காட்டப்போகிறேன். "உங்க பொண்ணு பொய் சொல்லலப்பா, நான்தான் உங்ககிட்ட அவளப் பத்தித் தப்பாச் சொன்னேன்" என்று அவரிடமே சொல்லப்போகிறேன்.

உன் நம்பரை பிளாக் பண்ணி வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். ஆனால் நீ கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டால் நான் பேச மாட்டேன், ஊளையிடுவேன். எழுது.

அக்கா

---

மார்ச் 21

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை போடாதே. அப்பாவுக்குப் போடாதே.

இந்தக் கடிதம் அதற்குள் வந்து சேராது என்று எனக்குத் தெரியும். நேற்று உன் கடிதம் கைக்கு வந்ததுமே உன் கடைக்குப் போன் போட்டேன். நீதான் எடுத்தாய். "வணக்கம், சொல்லுங்க" என்றாய். எட்டு மாதம் கழித்து உன் குரல். நான் வைத்துவிட்டேன். மறுபடி போட்டேன். மறுபடி நீ, இந்தத் தடவை எரிச்சலோடு, "யாருங்க, பேசுங்க" என்றாய். மறுபடி வைத்துவிட்டேன். நேரில் சொல்லவோ போனில் சொல்லவோ எனக்குத் தைரியம் இல்லை. ஒன்பது பாட்டு எழுதிப் பாடத் தெரிந்தவளுக்கு ஒரு வாக்கியம் பேச வரவில்லை. பேப்பரில் சொல்கிறேன்.

அப்பா தட்டியது ஒன்று.

ஜூலை 19. மதியம் ஒன்று ஐம்பது. நாலாவது முறை பாடிக்கொண்டிருந்தேன். முதல் மூன்றும் சொதப்பல். இந்தத் தடவை குரல் அப்படியே வழுக்கிக்கொண்டு போனது, எனக்கே புல்லரித்தது. இரண்டாவது சரணத்தில், 'உள்ள வா, உள்ள வா, இடம் இருக்கு இன்னொருத்தருக்கு' என்கிற இடத்தில், குழாயில் ஒரு தட்டு வந்தது. நன்றாகக் கேட்டது. ஒன்று என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நான் பாடுவதை நிறுத்தவில்லை. இன்னும் ஒன்றரை நிமிடம்தானே, மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் நாளைக்கு இந்தக் குரல் வருமோ வராதோ, தண்ணீர் கேட்பார், தலையணை சரிந்திருக்கும், அவ்வளவுதான் இருக்கும் என்று பாடிக்கொண்டே மனசுக்குள் கணக்குப் போட்டேன். அப்பாவைப் பற்றிய பாட்டை, அப்பா கூப்பிடக் கூப்பிடப் பாடி முடித்தேன்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. பாடி முடித்தும் இறங்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுப் பாட்டையும் ஒரு தடவை போட்டுக் கேட்டேன். சந்தோஷம் தாங்கவில்லை அக்கா. ஒயரையெல்லாம் சுருட்டி வைத்தேன். மெஷின் ஓட ஆரம்பித்த பிறகுதான் இறங்கினேன். அப்பா கட்டிலுக்குக் கீழே கிடந்தார். கம்பு கையிலேயே இருந்தது. கண் திறந்திருந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிடம். பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரைக் கேட்டேன். அவர், "அதெல்லாம் சொல்ல முடியாதும்மா" என்றார். ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்லியிருந்தால் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பிழைத்திருப்பேன். சொல்லவில்லை.

நீ ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து, "அப்பா தட்டவே இல்லையாடி?" என்று கேட்டாய். "தட்டினார், ரெண்டு" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. அதன் பிறகு அதைத் திருப்பி வாங்க வழி தெரியவில்லை.

இப்போது சிடி. இதைத்தான் எழுதக் கை வரவில்லை. பாட்டுகளைச் சரிசெய்கிற சவுண்டு அண்ணன், "இந்த ஒத்தைத் தட்டு ஏதோ தப்பு மாதிரி கேக்குதும்மா. எடுத்துடலாம், இல்லன்னா ரெண்டாப் போட்டா தாளத்துல உக்காந்துடும்" என்றார். எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். "ரெண்டாப் போடுங்கண்ணே" என்றேன். அந்த ஒரு தட்டையே நகல் எடுத்துப் பக்கத்தில் ஒட்டினார். அரை நிமிட வேலை. போட்டுக் காட்டியபோது, அப்பா ரைட் சொல்லிவிட்டார் என்று நானே நம்பினேன். ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். அப்புறம் உனக்கு அனுப்பினேன். பாட்டுக்காக மாற்றினேனா, உனக்காக மாற்றினேனா என்று கேட்பாய். இரண்டுக்கும்தான்.

வாய் போன மனுஷனுக்கு இருந்ததே அந்தத் தட்டு ஒன்றுதான் பேச்சு. அதையும் மாற்றி எழுதிவிட்டேன்.

கம்பெனியில் போய் அந்தப் பாட்டை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். முதலாளிக்கு முகம் செத்துப்போனது. "அந்தத் தட்டல்தாம்மா ஆல்பத்துக்கே உயிர்" என்றார். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், பூனைகூட எழுந்து போய்விட்டது.

நீ எழுதியிருந்த மன்னிப்பையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள். அது எனக்குச் சேர வேண்டியது இல்லை. நீ அப்பாவிடம் சொன்னது பொய் இல்லை அக்கா. அன்றைக்கு அந்தப் பத்து நிமிடம் எனக்குப் பாட்டுதான் முக்கியமாக இருந்தது.

வாலு

---

மார்ச் 23

வாலுக் கண்ணு,

இன்றைக்கே எழுதிவிட வேண்டும், நாளைக்கு என்றால் பாதி மறந்துவிடும்.

அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன்! காலையிலேயே தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். மாமா பெட்டியைத் துடைத்து வைத்தார். முதல் இரண்டு பாட்டுக்கு அப்பா கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். மூன்றாவது ஆரம்பித்து நீ 'படியில் நிற்காதே' என்றதும் கண்ணைத் திறந்தார். உதடு கோணிக்கொண்டு போயிற்று, சிரிக்கிறார்! எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த டொக் டொக் வந்தது. அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இடது கையை மெதுவாகத் தூக்கி, ஒரு விரலைக் காட்டினார். "இன்னொரு தடவை போடணுமாப்பா?" என்றேன். விரலை அப்படியே வைத்திருந்தார். பாட்டு முடிந்ததும் மறுபடி போட்டேன். அதே இடம் வந்ததும் மறுபடி அந்த ஒரு விரல். மறுபடி போட்டேன். என்ன ஆசை பார்த்தாயா அவருக்கு! ஏழு தடவை போட்டேன், ஏழு தடவையும் அதே இடத்தில் ஒரு விரல். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். கடைசியில் கை ஓய்ந்துபோய் மடியில் விழுந்துவிட்டது. களைத்துவிட்டார் என்று படுக்க வைத்தேன்.

உன் பாட்டுக்கு அப்பா எவ்வளவு ஏங்கியிருக்கிறார் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. நான் ஒரு மடச்சி, இத்தனை நாள் உங்கள் இரண்டு பேரையும் பிரித்து வைத்துவிட்டேன். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடு.

அக்கா

---

மார்ச் 25

இருபத்தொன்றாம் தேதி எழுதியது இன்று மதியம் வந்தது. கடையிலிருந்து பாதியில் கிளம்பி வந்துவிட்டேன்.

ஏழு தடவை போட்டேனடி. ஏழு தடவை. "ஒண்ணு, ஒண்ணு, நான் தட்டினது ஒண்ணு" என்று அவர் கையைத் தூக்கித் தூக்கிச் சொல்லியிருக்கிறார், நான் மறுபடி மறுபடி போட்டு அவர் காதிலேயே இரண்டு இரண்டு என்று அடித்திருக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை வருகிறவர்களையெல்லாம் உட்கார வைத்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்கிறவள் நான். எனக்குப் பெற்ற அப்பாவின் விரல் தெரியவில்லை.

உன்னை ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. எனக்கு வயிறு எரிகிறது. ஒன்றரை நிமிடம் பாடினாய், சரி, மனுஷ ஜென்மம், ஆசை, விட்டுத்தள்ளுகிறேன். அந்த இரண்டாவது தட்டை ஒட்டிக் கொடுத்து, என்னை மன்னிப்புக் கேட்க வைத்தாயே, அதை விட்டுத்தள்ள எனக்கு ரொம்ப நாள் ஆகும். ஆகட்டும். நானும் யோக்கியம் இல்லை. கம்பை எடுத்து அலமாரிமேல் போட்டவள் நான். கையில் கம்பு இருந்திருந்தால் அவர் முதல் தடவையே தட்டிச் சொல்லியிருப்பார். நீ அவர் பேச்சை மாற்றினாய், நான் பிடுங்கியே வைத்துவிட்டேன்.

உன் கடிதம் முழுவதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஹெட்போன், ஒயர், பூனை எதையும் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்துவிட்டு நாற்காலி போட்டு ஏறி, அலமாரியிலிருந்து கம்பை எடுத்து, தூசி தட்டி, இடது கையில் கொடுத்தேன். "அப்பா, அவளுக்கு நான் என்ன எழுதட்டும்?" என்று கேட்டேன்.

கம்பைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். இரண்டு தட்டினால் என்ன செய்வது? போ என்று சொல்லிவிட்டால் அதையும் நான்தானே உனக்கு எழுதவேண்டும்?

கம்பைத் தூக்கிக் கட்டில் கம்பியில் ஒரு தட்டு தட்டினார். கட்டிலே அதிர்ந்தது. இரண்டாவதுக்காகக் காத்திருந்தேன். மாமாவும் வாசலில் நின்று காத்திருந்தார். வரவில்லை. கம்பை மடியில் வைத்துக்கொண்டு, விட்டுப்போன பழக்கம் திரும்பின மாதிரி, வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இதை எழுதும்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்தப் பாட்டை ஆல்பத்திலிருந்து எடுக்காதே. ஒட்டின தட்டை மட்டும் எடுத்துவிடச் சொல். தாளத்தில் உட்காராவிட்டால் நிற்கட்டும். ஆனால் அதெல்லாம் அப்புறம்.

முதலில் கிளம்பி வா. இந்தத் தடவையாவது பாட்டை முடித்துவிட்டு வராதே.

அக்கா